ஹெரால்டின் இடது கதவு

பழைய கார் ஒன்றைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கிறேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது "இன்ஜின் ஓடுதா?" என்றுதான். ஓடுகிறது. இன்ஜினுக்கு எனக்கு ஆனது மூன்று வாரம், அதிலும் ஒரு வாரம் கேஸ்கெட் வந்து சேரக் காத்திருந்தது. இடது கதவுக்கு ஆனது ஏழு மாதம். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கதவுதானே, நாலு போல்டைத் தளர்த்தி மேலே கீழே நகர்த்தி முறுக்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 1966. சித்தப்பாவுடையது. நெல் வியாபாரத்துக்காக அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று அவர் சுற்றியதெல்லாம் இதில்தான். அவர் போன பிறகு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அப்போது கொட்டகைக்குள்ளும் வந்தது. கதவின் பாதி உயரத்துக்குத் தண்ணீர். வடிந்த பிறகு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் அரை அடி வண்டல், அதில் ஒரு செத்த கெளுத்தி மீன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு "ஏல, இதைப் பேசாம எடைக்குப் போட்டுருவமா?" என்றாள். அன்றைக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இந்தப் பதிவு இல்லை.

ஹெரால்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதவுப் பிரச்சினையின் வேரே அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி இது, உருவம் வரைந்தவர் மிக்கலாட்டி என்ற இத்தாலியர். 1961இலிருந்து நம் மதராஸில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்காரர்கள் செய்தார்கள். 948 சிசி இன்ஜின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், டவுனில் ரத வீதி முக்கில் ரிவர்ஸ் போடாமல் சித்தப்பா திருப்புவதைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்திலேயே மற்ற கார்கள் பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாக வெல்டு செய்த ஒரே கூடாக மாறத் தொடங்கிவிட்டன. ஆனால் ஹெரால்டுக்குத் தனி சேஸ், அதாவது தனி அடிச்சட்டம். காரணம் வேடிக்கையானது. இவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. முழு பாடி அடிக்க வேறு ஆள் இல்லை. அதனால் சின்னச் சின்னத் துண்டுகளாக வெவ்வேறு இடத்தில் அடித்து வாங்கி, ஒரு சேஸ் மேல் வைத்து போல்டு போட்டுக் கூட்டும்படி வரைந்துவிட்டார்கள்.

அதாவது இந்தக் கார், பிள்ளைகள் துண்டு துண்டாக போல்டு போட்டுக் கூட்டி விளையாடும் மெக்கானோ செட்டின் பெரிய வடிவம். கூரை போல்டில் நிற்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பேனல் போல்டில் நிற்கிறது. முன்பக்கத்து இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் பானெட்டும் ஒரே துண்டு, அது அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். தெருப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள். எல்லாவற்றையும் விட முக்கியம்: ஆட்கள் உட்காரும் தொட்டியே முன் பாதி, பின் பாதி என்று இரண்டாக வந்து போல்டில் சேர்கிறது. கதவு தொங்குகிற கீல் தூண் முன் தொட்டியில் இருக்கிறது. கதவு போய்ப் பூட்டுகிற தூண் பின் தொட்டியில். கதவைச் சுற்றியுள்ள சந்து என்பது இரண்டு தனித்தனித் தொட்டிகள் ஒன்றையொன்று எப்படிப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான். இந்த ஒரு வரி எனக்கு முதல் நாளே புரிந்திருந்தால் நாலு மாதம் மிச்சம்.

சரி, கதவுக்கு வருகிறேன். இடது கதவின் வால் பக்கம், அதாவது கைப்பிடி இருக்கும் ஓரம், 9 மில்லி தொங்கியிருந்தது. சாத்த வேண்டுமானால் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தூக்கிக்கொண்டே தள்ள வேண்டும். சித்தப்பா காலத்திலேயே அப்படித்தான். சித்தி அதை ஒரு தனி லாவகத்தோடு, இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்துவாள். எண்பதுகளில் ஒரு பட்டறையில் கொடுத்து "சரி" செய்திருக்கிறார்கள். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். செய்தது என்னவென்றால், தூணில் கதவின் பூட்டைப் பிடிக்கும் ஸ்டிரைக்கரைக் கழற்றி, ஓட்டையை மேல்பக்கம் அரம் போட்டு நீட்டி, உயர்த்தி மாட்டிவிட்டார்கள். கதவு தானாக மேலே ஏறவில்லை, சாத்தும்போது ஸ்டிரைக்கர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். பார்க்கும்போது நேர். திறக்கும்போது பொத்தென்று விழும். அதோடு விடாமல், கதவும் தூணும் ஒரே மட்டத்தில் தெரிவதற்குத் தூண் மேல் அரை இஞ்சுக்கு பட்டி பூசி இழைத்திருந்தார்கள். காந்தம் வைத்தால் ஒட்டவே இல்லை. உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன், கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி வட்டமாகப் பெயர்ந்து விழுந்தது.

அதனால் கதவு வேலையில் முதலில் செய்ய வேண்டியது ஸ்டிரைக்கரைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மறந்துவிடுவதுதான். அது இருக்கும்வரை கதவு உண்மை பேசாது. கதவு காற்றில் தொங்கி, ஒரு விரலால் தள்ளினால் தானாகப் போய்த் திறப்பில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த பிறகு கடைசியில் ஸ்டிரைக்கரைக் கொண்டுவந்து, பூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே மாட்ட வேண்டும்.

எனக்கு வாய்த்த டிங்கர் அண்ணாச்சி நல்ல வேலைக்காரர், ஐம்பது வருஷமாகத் தகரம் தட்டுகிறவர், காது கொஞ்சம் மந்தம். வந்து பார்த்ததுமே "தம்பி, இது ஒரு மணி நேர சோலி" என்றார். மேல் கீலைத் தளர்த்தி, கதவுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, மேல் கீலை முன்னால் தள்ளி முறுக்கினோம். பின்பக்கச் சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், ஆகா என்று இருந்தது. முன்னால் வந்து பார்த்தால் அங்கே மேலே 2 மில்லி, கீழே 8. ஆப்பு மாதிரி. சரி என்று கீழ்க் கீலையும் நகர்த்தினோம், பின்பக்கம் கெட்டது. முதல் ஞாயிறு இப்படியே போனது. அடுத்த ஞாயிறு அண்ணாச்சி கீல் இடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்து, கதவைச் சாத்துகிற பக்கம் நெம்பிக் கீலையே லேசாக வளைத்தார். பட்டறைகளில் எல்லாரும் செய்கிற வித்தைதான், ஓரிரு மில்லிக்கு வேலை செய்யும். 9 மில்லிக்குச் செய்யாது. மூன்றாவது ஞாயிறு அவர் வரவில்லை.

இதற்கிடையில் வீட்டுக் கதவுகளும் வெள்ளத்தில் ஊறி உப்பிப் போயிருந்தன. பின்வாசல் கதவு சாத்தவே இல்லை. அம்மா ஆசாரியை வரச் சொல்லியிருந்தாள். வந்தவர் இழைப்புளியை வெளியே எடுக்கவே இல்லை. "இப்ப இழைச்சேன்னா சித்திரையில உங்களுக்குக் கை நுழையுத அளவு சந்து விழும் ஆச்சி. நல்லாக் காயட்டும், பெறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து தூக்குக் குண்டை எடுத்து நிலைக்காலில் தொங்கவிட்டார். நிலை ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது, அடியில் மண் கரைந்து இறங்கிவிட்டது போல. "கதவு மேல குத்தமில்ல" என்றார், கதவுக்கு வக்கீல் மாதிரி.

காபி குடிக்கும்போது கொட்டகைப் பக்கம் வந்தவர், கார்க் கதவோடு நான் மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதே தூக்குக் குண்டைக் கீல் தூணின் ஓரத்தில் பிடித்தார், அப்புறம் பூட்டுத் தூணில், அப்புறம் வலது பக்கம் போய் இரண்டிலும். வலது பக்கக் கீல் தூண் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அதே அளவு இடது தூணும் சாய்ந்திருக்க வேண்டும் இல்லையா? இல்லை. இடது தூணின் தலை பின்னால் அதிகமாக மலர்ந்திருந்தது. தூண் பின்னால் சாய்ந்தால் அதில் தொங்குகிற கதவின் வால் கீழே போகும், பின்பக்கச் சந்து மேலே நெருங்கிக் கீழே விரியும். அச்சு அசலாக என் கதவின் லட்சணம். நாங்கள் மேல் கீலை முன்னால் இழுத்தபோது செய்தது, சாய்ந்த தூணில் கதவைக் கோணலாக மாட்டியது.

நாலு நாள் கழித்து டிங்கர் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். மரவேலைக்காரன் வந்து தகர வேலை சொல்லிக்கொடுப்பதா என்று அவருக்குக் கோபம். "அந்த ஆளையே தட்டச் சொல்லு" என்றுவிட்டு ஒரு மாதம் போனை எடுக்கவில்லை. நான் சொன்ன விதமும் சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு மாதம் நானே அளந்தேன். வண்டியை நாலு சக்கரத்தில் நிறுத்தி, சேஸில் இரண்டு பக்கமும் ஒத்த இடங்களாகப் பார்த்து (சஸ்பென்ஷன் மாட்டும் ஓட்டைகள், பாடி உட்காரும் ஓட்டைகள்) ஒவ்வொன்றிலிருந்தும் குண்டு நூலைத் தரைக்கு இறக்கி, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். வண்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் சிமெண்டுத் தரையில் அம்மா மார்கழிக்குப் புள்ளி வைத்த மாதிரி இருந்தது. இனி டேப் மட்டும் போதும். முன் இடது புள்ளியிலிருந்து பின் வலதுக்கு ஓர் அளவு, முன் வலதிலிருந்து பின் இடதுக்கு ஓர் அளவு. சேஸ் சதுரமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கும். எனக்கு நடுப்பகுதியில் 11 மில்லி வித்தியாசம் வந்தது. இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், நூறு ரூபாய்க்குள் சாமான்.

எங்கே கோளாறு என்று தேடினால், ஹெரால்டின் சேஸ் நடுவில் இரண்டு நீள இரும்பு, அதிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு தொட்டியின் ஓரங்களைத் தாங்கும். இடது கீல் தூணுக்குக் கீழே இருக்கிற கையின் அடித்தகடு முழுக்க உளுத்துப்போயிருந்தது. பெயிண்டுதான் தாங்கிக்கொண்டு நின்றது என்று சொன்னாலும் தப்பில்லை. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது, உள்ளிருந்து வெள்ளத்து மண் கொட்டியது. அந்தக் கை தளர்ந்து தொட்டியின் அந்த மூலை உட்கார, தூண் சாய, கதவு தொங்க, ஸ்டிரைக்கர் ஏற, பட்டி வர, எல்லாம் ஒரே சங்கிலி. வெள்ளம் வந்தது 2023இல். கை உளுத்தது அதற்கு நாற்பது வருஷம் முன்பே இருக்கும். சித்தியின் இடுப்பு இடிதான் சாட்சி.

டிங்கர் அண்ணாச்சியைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தது என் அத்தான். அவர் எப்படிப் பேசினார் என்று தெரியாது, ஜங்ஷன் பக்கம் கூட்டிப்போய் அல்வா வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி. வந்தவர் கையை ஸ்குரூடிரைவரால் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டு "அப்பமே பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார், யாரைப் பார்த்து என்பது தெரியாமல். பிறகு புதுத் தகடு வெட்டி, மடித்து, வெல்டு செய்து அவர் போட்ட கை இருக்கிறதே, பழைய வேலையைவிட அழகு. வெல்டு செய்யும்போது தொட்டி அசையாமல் இருக்கக் கதவுத் திறப்புக்குள் குறுக்கே ஒரு இரும்புப் பைப்பைக் கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு முட்டுக் கொடுத்திருந்தோம். முட்டு இல்லாமல் அடித்தகட்டை அறுத்தால் திறப்பே சுருங்கிவிடும், அப்புறம் கதவு உள்ளேயே போகாது. வேலை முடிந்து மறுபடி மூலைவிட்டம் அளந்தேன். வித்தியாசம் 3 மில்லி. அதற்குக் கீழே நான் ஆசைப்படவில்லை.

அடுத்தது ஷிம். தொட்டிக்கும் சேஸுக்கும் நடுவில் ஒவ்வொரு போல்டிலும் ரப்பர் பட்டையும், தேவைக்கு மெல்லிய தகடுகளும் வரும். இந்தத் தகடுகளைக் கூட்டிக் குறைத்துத்தான் கதவுத் திறப்பின் உருவத்தையே மாற்ற வேண்டும். நடுவில், அதாவது கதவுக்கு நேர் கீழே, தகடு கூட்டினால் வண்டி நடுவில் லேசாக எழும்பி இரண்டு தூண்களின் தலையும் விலகும், மேல்சந்து விரியும். வண்டியின் வால் பக்கம் கூட்டினால் பின் தொட்டி முன்னால் கவிழ்ந்து மேல்சந்து நெருங்கும். ஆனித் தேருக்குச் சக்கரத்தில் ஒரு சறுக்குக்கட்டையைச் சொருகி அத்தனை பெரிய தேரை முக்குத் திருப்புவார்கள் பாருங்கள், அந்த மாதிரி. ஒரு மில்லித் தகடு கீழே போட்டால் மேலே கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வரும்.

இங்கே நான் இரண்டு தப்புச் செய்தேன். முதலாவது, ரப்பர். கம்பெனி ரப்பர் கிடைக்காது என்று பழைய டயர் பக்கச்சுவரை வெட்டிப் போட்டேன். அழகாக உட்கார்ந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அது நசுங்கி 2 மில்லி இறங்கியிருந்தது, சந்தெல்லாம் மாறிப்போச்சு. பிறகு துணி வைத்த கன்வேயர் பெல்ட் ரப்பர் வாங்கி வெட்டினேன், அது இன்றுவரை நகரவில்லை. இரண்டாவது தப்புக்கு மன்னிப்பே கிடையாது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, நிதானமாக உட்கார்ந்து எல்லாச் சந்தையும் 4 மில்லிக்குக் கொண்டுவந்தேன். போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். பிறகு இன்ஜினை இறக்கி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தினால் கதவின் மேல் மூலை போய்த் தூணில் உரசுகிறது. சேஸ் என்பது பாலம் மாதிரி, எங்கே தாங்குகிறோம், எங்கே பாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து வளையும். அந்தக் காலத்துக் காருக்கு இது சாதாரணம். உங்கள் வீட்டில் பழைய வண்டி எதுவானாலும் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், தெரியும். ஆகவே சந்து வைக்கும்போது இன்ஜின், கியர்பாக்ஸ், முடிந்தால் சீட்டு, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், வண்டி தன் காலில் நிற்க வேண்டும். கதவுக்கும் அப்படியே. கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் சாமானும் இல்லாத வெறுங்கதவை மாட்டிச் சரிபார்த்தால், பிறகு கண்ணாடி ஏறியதும் அது தொங்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கீலுக்கே வந்தோம். முதலில் ஊசி. கதவைப் பாதி திறந்து வாலைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தால் கடகடவென்று ஆடியது. அறுபது வருஷத்துக் கீல் ஊசி, எண்ணெய் கண்டதே இல்லை போலத் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. பேட்டையில் ஒரு லேத்தில் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்குத் தக்க ஊசி கடைந்து வாங்கினேன். இதைச் செய்யாமல் கீலை நகர்த்திக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவதுதான். கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு கீலுக்கும் நடுவில் சுமார் ஓர் அடி, கதவு நீளம் மூன்று அடிக்குக் குறையாது. கீலில் 1 மில்லி நகர்ந்தால் வாலில் 3 மில்லி ஏறும் அல்லது இறங்கும். ஊசியில் அரை மில்லி ஆட்டம் இருந்தால் வாலில் ஒன்றரை. ஆகவே கீலில் தள்ளுவதெல்லாம் காகிதத் தடிமனில்தான். போல்டை முழுக்கத் தளர்த்தவே கூடாது, ஒரு கீலில் பாதி தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, முறுக்கு, பார். எந்த போல்டு கதவை உள்ளே வெளியே நகர்த்துகிறது, எது மேலே கீழே நகர்த்துகிறது என்பதை உங்கள் வண்டியில் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அன்றைய பொழுது போச்சு.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் அண்ணாச்சிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அவர் முன்னாலிருந்து போவார். நான் பின்னாலிருந்து வந்தேன், ஏனென்றால் பின் மட்கார்டும் பூட்டுத் தூணும் ஒரே தொட்டியில் வெல்டான சமாசாரம், அதை நகர்த்த வழியில்லை. நகராததற்கு நகர்வதைப் பொருத்த வேண்டும். பின் தூணுக்குக் கதவு, கதவுக்குக் கீழ்ப் பேனல், கதவுக்கு முன்னால் பானெட், இந்த வரிசையில் போனோம். சந்து அளக்க ஸ்டிக்கர் வெட்டும் கடையில் 4 மில்லி அக்ரிலிக் துண்டுகள் சும்மாவே கொடுத்தார்கள். அவற்றைச் சந்தில் சொருகி நிற்கவைத்துவிட்டு போல்டை முறுக்கலாம், கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். ஏன் 4? புதிய கார்களில் இன்னும் குறுகலாக இருக்கும். ஆனால் பெயிண்டு ஏற இடம் வேண்டும், பிரைமரும் பெயிண்டும் சேர்ந்து ஒவ்வொரு ஓரத்திலும் கொஞ்சம் தின்றுவிடும், தவிர இந்தச் சேஸ் ஓடும்போது முறுக்கிக்கொள்கிற ரகம். 3 வைத்தால் முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே ஓரம் பெயர்ந்துவிடும்.

பீடிங் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கதவைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் பழையது காய்ந்து சருகாகியிருந்தது, கழற்றிப் போட்டுவிட்டுத்தான் எல்லாச் சந்தும் வைத்தோம். புதுப் பீடிங் ஒட்டிச் சாத்தினால் கதவு வால் 5 மில்லி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கிடைத்தது வேறு வண்டியின் பீடிங், கெட்டி ரப்பர், உள்ளே காற்றுக்குழல் இல்லை. ஸ்டிரைக்கரை உள்ளே தள்ளிக் கதவை இழுத்துப் பிடிக்கலாம், ஆனால் அப்படிச் செய்தால் மறுபடி சித்தியின் இடி தேவைப்படும். நடுவில் குழல் உள்ள மென்மையான பீடிங் மதுரையிலிருந்து வாங்கி மாட்டிய பிறகு 1 மில்லிக்கு வந்தது. வெயிலில் இரண்டு வாரம் கதவைச் சாத்தியே வைத்தேன், அதுவும் படிந்துவிட்டது. பெயிண்டுக்கு முன்னால் ஒரு தடவை பீடிங்கை மாட்டிப் பார்க்காதவர்கள் பெயிண்டுக்குப் பின்னால் அழுவார்கள்.

பானெட் நான் பயந்த அளவுக்கு இல்லை. அத்தனை பெரிய துண்டு என்பதால் மிரட்டுகிறது, ஆனால் பிடிமானங்கள் கொஞ்சம்தான். முன்னால் இரண்டு கீல், பின்னால் அது வந்து உட்கார இரண்டு ரப்பர் கூம்பு, பக்கத்துக்கு ஒரு கொக்கி. முன் கீலில் முன்னால் பின்னால் தள்ளிக் கதவோடு சந்து வைக்கலாம். கூம்பைத் திருகி உயரம் வைக்கலாம். கொக்கி இறுக்கிப் பிடிக்க மட்டும்தான், கொக்கியால் பானெட்டை இழுத்து இடத்துக்குக் கொண்டுவரப் பார்த்தால் ஸ்டிரைக்கர் கதைதான் திரும்ப. இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் கவிழ்க்க, ஒருவர் கதவோரத்தில் கண் வைத்து "நிப்பாட்டு" என்று கத்த. அண்ணாச்சிக்குக் காது மந்தம் என்பதால் ஒருமுறை கத்தியும் நிற்காமல் கதவின் முன் ஓரத்தில் ஒரு சொட்டை விழுந்தது. அதை அவரே தட்டி எடுத்தார், இப்போது தடவினாலும் தெரியாது. கதவோரத்தில் துணி டேப் நாலு அடுக்கு ஒட்டிவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள்.

எல்லாம் செய்தும் இடது கதவின் பின்பக்கக் கீழ் மூலையில் மட்டும் சந்து 7 மில்லி. கதவு உருவமே அந்த மூலையில் குறைவு, பழைய விபத்து ஒன்றில் யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஷிம்மும் கீலும் இதைத் தீர்க்காது. பட்டி பூசி ஓரத்தை வளர்க்கலாம் என்று பக்கத்தில் ஒரு யோசனைக்காரர் சொன்னார். கதவோரத்தில் பட்டி நிற்கவே நிற்காது, இருபது தடவை சாத்தினால் உதிரும். அண்ணாச்சி ஓரம் நெடுக மெல்லிய கம்பி ஒன்றை வைத்து, ஒரேயடியாக ஓட்டாமல் இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டு என்று வெல்டு வைத்து, சூடு ஆறவிட்டு, மறுபடி பொட்டு வைத்து, கடைசியில் அரத்தால் ராவி 5க்குக் கொண்டுவந்தார். ஒரே இழுப்பாக வெல்டு போட்டிருந்தால் கதவுத் தகடு சூட்டில் அலை அலையாக நெளிந்திருக்கும். அந்த ஒரு மூலைக்கு இரண்டு நாள். 4க்குக் கொண்டு போகட்டுமா என்று கேட்டார். போதும் அண்ணாச்சி என்றேன்.

வலது கதவைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்பீர்கள். அது ஒரு சனிக்கிழமை மத்தியானம் முடிந்தது.

இப்போது பெயிண்டுக்குப் போக வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொரு கீலிலும் தூணோடு சேர்த்து 3 மில்லியில் ஒரு ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். திரும்ப மாட்டும்போது அந்த ஓட்டையில் டிரில் பிட்டைச் சொருகிவிட்டு போல்டை முறுக்கினால் கீல் பழைய இடத்துக்கே வந்துவிடும். எந்த போல்டுக்குக் கீழே எத்தனை தகடு என்பதையும் ஒரு நோட்டில் எழுதினேன், இடது 1 இரண்டு தகடு, இடது 2 மூன்று தகடு என்று. கையில் கிடைத்தது அம்மாவின் பால் கணக்கு நோட்டு. போன வாரம் பால்காரர் வந்து கணக்குக் கேட்க, அம்மா நோட்டைத் திறந்து, "இடது மூணுல ஒண்ணரைன்னு போட்டிருக்கு, அது நம்ம கணக்காய்யா?" என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.